டென்வரிலிருந்து ஐந்து நாள்: டைனோசர் எலும்புகளைப் பாறையிலேயே பார்க்க

கேள்வி இது: ஜூன் கடைசியில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஒன்பது வயது மகனுக்கு டைனோசர் என்றால் உயிர். டென்வரில் கார் எடுத்து, ராக்கி மலையைத் தாண்டி, ஐந்து நாளில் உண்மையான எலும்புகளைப் பார்த்துத் திரும்ப வேண்டும். மேப்பில் ‘டைனோசர்’ என்று ஓர் ஊரே இருக்கிறதே, அங்கே போனால் போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது அங்கேதான். கொலராடோவின் மேற்கு எல்லையில் இருக்கும் அந்தச் சிற்றூருக்கு 1966 வரை ஆர்ட்டீசியா என்று பெயர். பக்கத்தில் இருக்கும் டைனோசர் தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட பெரிய நிலப்பரப்பை ஒட்டிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தெருக்களுக்கும் பிராண்டோசாரஸ், ஸ்டெகோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். எலும்பு எதுவும் அங்கே கிடையாது. ஊருக்கு இரண்டு மைல் கிழக்கே நினைவுச்சின்னத்தின் கேன்யன் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கேயும் எலும்பு இல்லை. அது பள்ளத்தாக்குகளுக்குப் போகும் வாசல் மட்டுமே. நீங்கள் தேடும் எலும்புச் சுவர் யூட்டா மாநிலத்துப் பக்கம், ஜென்சன் என்ற ஊரிலிருந்து 149ஆம் எண் சாலையில் வடக்கே 7 மைலில் இருக்கிறது. இரண்டு மையங்களுக்கும் நடுவே காரில் அரை மணிக்கு மேல் ஆகும். அதனால் ஜி.பி.எஸ்.ஸில் ‘குவாரி விசிட்டர் சென்டர், ஜென்சன், யூட்டா’ என்று முழுப் பெயரையும் போடுங்கள். மாலையில் மூடும் நேரத்துக்குத் தவறான மையத்தில் போய் நின்றால் அந்த நாள் போயிற்று.

பாறை எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதை தானாகவே புரியும். இந்தப் பயணத்தில் நீங்கள் பார்க்கப்போகும் எலும்புகளில் பெரும்பாலானவை மாரிசன் படிவம் என்ற ஒரே பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. ஜுராசிக் காலத்தின் கடைசியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகளும் வெள்ளச் சமவெளிகளும் ஏரிகளும் விட்டுப்போன மணலும் சேறும் அது. டென்வருக்கு மேற்கே இருக்கும் மாரிசன் என்ற ஊரின் பெயர்தான் அதற்கு. அதன் மேல் பிற்காலத்துப் படிவுகள் ஆயிரக்கணக்கான அடி குவிந்து மூடிவிட்டன. பிறகு ராக்கி மலைகள் எழும்பியபோது, கிடையாகக் கிடந்த அடுக்குகள் மலையின் இரு ஓரங்களிலும் வளைந்து செங்குத்தாகத் தூக்கப்பட்டன; மேலே இருந்ததை மழையும் ஆறும் அரித்துக் கொண்டுபோயின. எலும்பு வெளியே தெரிவது மலை எழும்பியதால்தான். ஆகவே டென்வரை விட்டு மலை ஏறும் இடத்தில் ஒரு முறையும், மலையைத் தாண்டி இறங்கிய பிறகு மேற்கே பல இடங்களிலும் அதே பாறை உங்களுக்கு எதிர்ப்படும்.

பையனிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இந்தப் பாதையில் டைரனோசாரஸ் ரெக்ஸ் கிடையாது. அது வாழ்ந்தது ஏறத்தாழ 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மாரிசன் பாறையின் விலங்குகள் அதற்கும் 8 கோடி ஆண்டு மூத்தவை. ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள இடைவெளி, டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ளதைவிடப் பெரிது. இங்கே வேட்டைக்காரன் அல்லோசாரஸ்; நீண்ட கழுத்துக்காரர்கள் அப்பாட்டோசாரஸ், டிப்ளோடோகஸ், காமராசாரஸ், பிராக்கியோசாரஸ். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு வந்தால் அவன் கண்ணுக்கு வேலை இருக்கும்.

முதல் நாள் காலை டைனோசர் ரிட்ஜ். டென்வர் நகரத்திலிருந்து அரை மணி நேரம்தான். 1877இல் ஆர்தர் லேக்ஸ் என்ற ஆசிரியர் இங்கே கண்டெடுத்த எலும்புகளிலிருந்துதான் ஸ்டெகோசாரஸ், அப்பாட்டோசாரஸ் என்ற பெயர்களே பிறந்தன. பெயரிட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஓ. சி. மார்ஷ். ஒரு நீண்ட முகட்டின் குறுக்கே போகும் பழைய தார் ரோடு இது. தனியார் கார் விட மாட்டார்கள். நடக்கலாம், அல்லது கட்டணம் கட்டி வழிகாட்டியுடன் பஸ்ஸில் போகலாம். பெரியவர்களுக்குப் பஸ்ஸே நல்லது, ஏற்றம் இருக்கிறது. முகட்டின் மேற்குப் பக்கம் மாரிசன் பாறை: மணற்கல்லுக்குள் கரும்பழுப்பு எலும்புத் துண்டுகள் அப்படியே பதிந்திருக்கும், தொட்டுப் பார்க்கலாம். கிழக்குப் பக்கம் அதைவிட இளைய டகோட்டா மணற்கல், ஏறக்குறைய 10 கோடி ஆண்டு வயது; அதில் நூற்றுக்கணக்கான கால்தடங்கள். 1937இல் ரோடு போடும்போது வெளிப்பட்டவை. முகட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் 5 கோடி ஆண்டைக் கடந்துவிடுகிறீர்கள். அடுக்குகள் சாய்ந்து நிற்பதன் பலன் அது.

எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. கால்தடம் பார்க்கச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் நிழல் விழாது, குழி தெரியாது. மதியம் ஒரு மணிக்குப் போய்விட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இது கால்தடம் உள்ள எல்லா இடங்களுக்கும் பொருந்தும்.

பதினொரு மணிக்கு ஐ-70இல் மேற்கே கிளம்பினால் மாலைக்குள் கொலராடோவின் மேற்குப் பக்கம் இருக்கும் ஃப்ரூட்டா என்ற ஊருக்குப் போய்விடலாம். சுமார் 250 மைல், நிற்காமல் நான்கு மணி நேரம், பெரியவர்களோடு ஆறு மணி நேரம் என்று வையுங்கள். ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். அடுத்து வேல் (Vail) கணவாய் 10,662 அடி. ஊரிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாத அப்பா அம்மாவை நேரே அந்த உயரத்தில் இரவு தங்கவைக்காதீர்கள். தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் எல்லாம் வரும். கடந்து போவதில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் இரவை ஃப்ரூட்டாவில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அது டென்வரைவிடத் தாழ்வு, 4,500 அடிதான்.

வழியில் கிளென்வுட் பள்ளத்தாக்கு வரும். 2020இல் அங்கே காடு எரிந்தது. அதன் பிறகு கனமழை பெய்தால் சரிவிலிருந்து சேறும் பாறையும் ரோட்டில் இறங்கின. 2021 ஜூலை கடைசியில் தொடங்கி இரண்டு வாரம் நெடுஞ்சாலையே மூடிக்கிடந்தது. இப்போதும் மழை எச்சரிக்கை வந்தால் மூடுவது உண்டு, சுற்றுப்பாதை பல மணி நேரம் பிடிக்கும். காலையில் கிளம்பும்போதே கொலராடோ சாலைத்துறையின் சி.ஓ.டிரிப் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் போடும்போது ஒரு விஷயம். இந்த மலை மாநிலங்களில் ‘ரெகுலர்’ என்று எழுதியிருப்பது பல பங்குகளில் 85 ஆக்டேன். இப்போதைய கார்களின் கையேடு பெரும்பாலும் குறைந்தது 87 கேட்கும். வாடகைக் காருக்கு நடுப் பொத்தானை அழுத்துங்கள். விலை வித்தியாசம் சில டாலர்தான். கார் எடுக்கும்போதே ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பல புது கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் காற்றடிக்கும் கருவியும் பசையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கச் சுவர் கூர்ங்கல்லில் கிழிந்தால் அந்தப் பசை உதவாது.

இரண்டாம் நாள் காலை ஃப்ரூட்டாவின் டைனோசர் ஜர்னி அருங்காட்சியகம், இரண்டு மணி நேரம். அசையும் பொம்மை டைனோசர்கள் பையனுக்கு. எலும்பைச் சுத்தம் செய்யும் ஆய்வகத்தைக் கண்ணாடி வழியே பார்ப்பது எல்லோருக்கும். இந்த வட்டாரத்துக்குப் பெரிய பெயர் வாங்கித்தந்தவர் சிகாகோ ஃபீல்டு மியூசியத்தின் எல்மர் ரிக்ஸ். 1900இல் கிராண்ட் ஜங்ஷன் அருகே, இன்று ரிக்ஸ் ஹில் என்று அழைக்கப்படும் குன்றில், அதுவரை யாரும் அறியாத பிராக்கியோசாரஸை எடுத்தார். அடுத்த ஆண்டு ஃப்ரூட்டாவில் ஓர் அப்பாட்டோசாரஸ். இரண்டு குன்றிலும் நடைபாதை உண்டு, ஆனால் பெரிய எலும்புகள் போய்விட்டன. நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம். அதற்குப் பதில் ஐ-70இல் மேலும் மேற்கே போய் 2ஆம் எண் வெளியேற்றத்தில் இறங்கினால் ராபிட் வேலி. சுமார் ஒன்றரை மைல் சுற்றுப் பாதை. பாறையில் காமராசாரஸின் முதுகெலும்புக் கணுக்கள் வரிசையாக அப்படியே பதிந்திருக்கும். துளி நிழல் கிடையாது. அருங்காட்சியகம் திறக்கும் முன், அதிகாலையிலேயே இதை முடித்துவிட்டு வாருங்கள். தாத்தா பாட்டி விடுதியில் ஓய்வெடுக்கட்டும்.

இனி வடக்கே திரும்ப வேண்டும். ஃப்ரூட்டாவுக்குப் பக்கத்து ஊரான லோமாவிலிருந்து ரேஞ்ச்லி என்ற ஊர் வரை 139ஆம் எண் சாலை, 72 மைல். நடுவில் பெட்ரோல் இல்லை, கடை இல்லை, பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் இல்லை. டேங்க் நிரப்பி, தண்ணீர் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். டக்ளஸ் கணவாய் 8,268 அடி. கொல்லிமலைபோல எழுபது கொண்டை ஊசி வளைவு கிடையாது. ஆனால் சில இடங்களில் ஓரத்தில் தடுப்பு இல்லை, மலைச்சரிவு அடிக்கடி ரோட்டை இழுத்துவிடுவதால் தார் மேடு பள்ளமாக இருக்கும். இறக்கத்தில் கியரை ‘எல்’லுக்கோ கைமுறைக்கோ மாற்றி, இன்ஜினின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். கருகிய வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. இறங்கியபின் ரேஞ்ச்லிக்கு முன்னால் கேன்யன் பின்டாடோ: ரோட்டோரப் பாறைகளில், முற்காலத்தில் இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் என்ற பழங்குடி மக்களின் ஓவியங்கள். 1776இல் இவ்வழி வந்த ஸ்பானியப் பாதிரிமார்கள் குறித்துவைத்துப் போனவை. பலகை பார்த்து இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும்.

அன்று பிற்பகல் வானம் தெளிவாக இருந்தால் கேன்யன் மையத்திலிருந்து ஹார்ப்பர்ஸ் கார்னர் சாலையில் போங்கள். ஒரு பக்கம் 31 மைல், முழுக்கத் தார் ரோடு. கடைசியில் ஒன்றரை மைல் நடந்தால் கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடும் இடம் ஏறத்தாழ 2,500 அடி கீழே தெரியும். கீழே இருப்பது எக்கோ பார்க். 1950களில் அங்கே அணை கட்டப் பார்த்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, 1956இல் திட்டத்திலிருந்து அந்த அணை நீக்கப்பட்டது. இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கு இன்று நீருக்குள். இடி மின்னல் நெருங்கினால் முனைக்கு நடக்காதீர்கள். சுற்றிலும் உயரமாக நிற்பது நீங்கள்தான்.

அந்தச் சாலையில் நடுவே எக்கோ பார்க்குக்கு இறங்கும் 13 மைல் மண் ரோடு பிரியும். அழகு என்று யாராவது சொல்லியிருப்பார்கள், உண்மைதான். வாடகைக் காரில் இறங்க வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் பயணத்தைக் கெடுக்கும் முதல் எதிரி இந்த மண்தான்.

மாரிசன் படிவத்தின் மேல்பகுதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளலாம்: புல் முளைக்காத குன்றுகள், பச்சை, ஊதா, செந்நிறப் பட்டைகள், மேற்பரப்பு பொரிந்த சோளம்போலப் பொருக்குப் பொருக்காக இருக்கும். மேற்கே இருந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் இங்கே விழுந்து மட்கி பென்டனைட் என்ற களிமண்ணாயிற்று. தண்ணீர் பட்டால் அது உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வேரூன்ற விடாததால்தான் குன்று மொட்டையாக இருக்கிறது. மொட்டையாக இருப்பதால்தான் எலும்பு கண்ணில் படுகிறது. வேறு படிவங்களிலும் இதே குணமுள்ள களிமண் நிறைய உண்டு. அதன் மேல் போகும் மண் ரோட்டில் கால் மணி நேரம் மழை பெய்தால் போதும். முதலில் வழுக்கும், பிறகு டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு, மட்கார்டுக்குள் திணிந்து, சக்கரத்தையே சுற்றவிடாது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் மாட்டும். அப்படி மாட்டினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ஜினை அணைத்துவிட்டுக் காயும் வரை காத்திருப்பது. கோடை வெயிலில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மேற்பரப்பு இறுகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பள்ளம் தோண்டினால் இழுவை வண்டிதான் வர வேண்டும்; சிக்னல் இல்லாத இடத்தில் அதைக் கூப்பிடவும் முடியாது. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலைக்குத் தடை இருக்கும், அப்போது செலவு முழுக்க உங்கள் தலையில். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஜூன் கடைசியிலும் வரலாம். மண் ரோடு என்றால் காலையில் போய் நண்பகலுக்குள் திரும்புங்கள்.

இரவு தங்கல் வெர்னலில். டைனோசர் ஊரிலிருந்து 33 மைல் மேற்கே. மூன்று இரவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். விடுதியும் கடைகளும் இருக்கும் ஊர் அதுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் பெற்றோர் என்றால் டென்வரிலேயே அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மெக்சிகன் உணவகங்களில் பீன்ஸ் கிடைக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். காலை திறக்கும் நேரத்துக்குக் குவாரி மையத்தில் இருங்கள். காருக்கு நுழைவுக் கட்டணம் 25 டாலர், ஏழு நாள் செல்லும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, முன்தினம் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் எலும்புக் கூடத்துக்கு மையத்திலிருந்து ஷட்டில் பஸ் விடுகிறார்கள்.

பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடி வந்த ஏர்ல் டக்ளஸ், 1909 ஆகஸ்ட் 17 அன்று இந்த மேட்டில் ஓர் அப்பாட்டோசாரஸின் வால் கணுக்கள் எட்டு, வரிசை கலையாமல் பாறையில் நிற்பதைக் கண்டார். 1922 வரை தோண்டினார்கள். சுமார் 350 டன் எலும்பும் பாறையும் இங்கிருந்து பிட்ஸ்பர்க் போயிற்று. 1915இல் அதிபர் உட்ரோ வில்சன் 80 ஏக்கரைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். மிச்சமுள்ள எலும்புகளைப் பெயர்த்தெடுக்காமல், பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கி விட்டு, மேலே கூரை போட்டு மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியவரும் டக்ளஸே. அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1958இல் அது நிறைவேறியது.

கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரே நிற்பது சாய்ந்த மணற்கல் சுவர். ஏறத்தாழ 67 பாகை சாய்வு. ஒரு காலத்தில் கிடையாக இருந்த ஆற்றுப் படுகை அது. அதில் சுமார் 1,500 எலும்புகள், வயது ஏறத்தாழ 14.9 கோடி ஆண்டு. மேல் தளத்தில் நின்று முதலில் முழுச் சுவரையும் ஐந்து நிமிடம் பாருங்கள். வெறும் குவியலாகத்தான் தெரியும். பிறகு பையனுக்கு வேலை கொடுங்கள்: இரு முனையும் பருத்த நீளத் தண்டு தொடையெலும்பு அல்லது மேற்கை எலும்பு, நூல்கண்டு வடிவில் வரிசையாக இருப்பவை முதுகெலும்புக் கணுக்கள், வளைந்த பட்டை விலா. காமராசாரஸின் மண்டையோடு ஒன்றும் சுவரில் இருக்கிறது, அவனே கண்டுபிடிக்கட்டும். கால், வால், கழுத்து எல்லாம் விலங்குக்கு விலங்கு கலந்து கிடப்பதைக் கவனியுங்கள். கடும் வறட்சியில் ஆற்றோரம் செத்த விலங்குகளைப் பின்னால் வந்த வெள்ளம் அடித்துவந்து ஒரு வளைவில் சேர்த்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சிறிய எலும்புகளை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது, கனமானவை தங்கின. அதனால்தான் சுவர் முழுக்கப் பெரிய விலங்குகளாக இருக்கிறது. அன்றைக்குச் சின்ன விலங்குகள் இல்லை என்று அர்த்தமில்லை.

கீழ்த் தளத்தில் எலும்பைக் கையால் தொட அனுமதி உண்டு. இந்த அளவு எலும்புச் சுவரில் உள்ளங்கையை வைக்க விடும் இடங்கள் மிக அரிது. உடைந்த முனை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வெளியே வழவழப்பான தோடு, உள்ளே தேன்கூடுபோலச் சிறு சிறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் கனிமம் நிரம்பியிருக்கும். எலும்பையும் கல்லையும் வேறுபடுத்த இந்த அறைகள்தான் அடையாளம். அதைச் சுற்றி உளி பட்ட கோடுகள் இன்னும் தெரியும். பெற்றோருக்கு இரு தளமும் சாய்தளமும் சிரமமில்லை. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், ரேஞ்சர் என்ற பூங்கா அலுவலர் பேசும் நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப வாருங்கள்.

இந்தக் கட்டடமும் அதே களிமண்ணிடம் தோற்றதுதான். 1958இல் கட்டியது, அடியில் பென்டனைட் உப்பிச் சுருங்கி, தரை தூக்கி, சுவர் விரிசல் விட்டு, 2006 ஜூலையில் ஆபத்து என்று மூடினார்கள். களிமண்ணைத் துளைத்து அடியில் இருக்கும் உறுதியான பாறை வரை இரும்புத் தூண்களை இறக்கி, 2011 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். ஐந்து ஆண்டு உலகின் மிகச் சிறந்த ஜுராசிக் சுவரை யாரும் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது தாத்தா பாட்டி ஷட்டிலில் வரட்டும். நீங்களும் பையனும் ஃபாசில் டிஸ்கவரி பாதையில் நடந்து இறங்குங்கள், 1.2 மைல். மேலே ஷட்டில், கீழே நடை என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் வெயிலில் ஏற வேண்டும். கூரை இல்லாமல், வெளிப் பாறையில் இருக்கும் எலும்பை இங்கேயும் பார்ப்பீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். முழு நாளுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் என்று காரில் வையுங்கள். மாலை வெயில் தணிந்ததும் கப் கிரீக் சாலையில் போனால் பாறையில் செதுக்கிய பெரிய பல்லி உருவங்கள், ஃப்ரீமான்ட் மக்களின் வேலை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை. கடைசியில் ஜோசி மோரிஸ் என்ற பெண் தனியாக ஐம்பது ஆண்டு வாழ்ந்த மரக்குடில்.

நான்காம் நாளுக்கு இரண்டு தேர்வு. பெரியவர்களோடு என்றால் வெர்னலிலேயே இருங்கள். காலையில் வடக்கே ரெட் ஃப்ளீட் மாநிலப் பூங்கா: சுமார் ஒன்றரை மைல் நடந்தால் நீர்த்தேக்கத்துக்குள் சரியும் பாறைப் பலகையில் மூன்று விரல் கால்தடங்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் அதிகம் தெரியும். காலை எட்டு மணி வெளிச்சத்துக்குள் போய்விட வேண்டும். பிறகு அதே யு.எஸ். 191இல் ஃப்ளேமிங் கார்ஜ் பக்கம் ஏறுங்கள். ரோட்டோரத்தில் ஒவ்வொரு படிவத்தின் பெயரையும் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காலம் பின்னோக்கிப் போகும். மாரிசன் பலகை வரும் இடத்தில் பையன் அந்தப் பட்டை வண்ணங்களைத் தானே அடையாளம் சொல்லிவிடுவான். மாலையில் ஊருக்குள் யூட்டா ஃபீல்டு ஹவுஸ் அருங்காட்சியகம். தோட்டத்தில் முழு அளவு டைனோசர் சிலைகள்.

இன்னும் இரண்டு நாள் கூடக் கிடைத்தால்தான் இரண்டாம் தேர்வு: டுஷேன் வழியாக, 9,000 அடிக்கு மேல் ஏறும் இந்தியன் கேன்யன் தாண்டி பிரைஸ், அங்கிருந்து ஜுராசிக் தேசிய நினைவுச்சின்னம். கிளீவ்லேண்ட்-லாயிட் குவாரி என்பது பழைய பெயர், 2019இல் நினைவுச்சின்னமாயிற்று. 12,000க்கு மேல் எலும்புகள், குறைந்தது 70 விலங்குகள், அதில் நாற்பதுக்கு மேல் அல்லோசாரஸ். இரையைவிட வேட்டை விலங்கு அதிகம் இருப்பது ஏன் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. போகும் பாதை ஜல்லியும் மண்ணும். மழை நாளில் நினைக்கவே வேண்டாம். வாரத்தில் சில நாள்தான், அதுவும் குளிர்காலம் நீங்கலாகத் திறந்திருக்கும். தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து மோவாப் போனால் ஊருக்கு வடக்கே மில் கேன்யனில் கால்தடங்கள், ஏறக்குறைய 11 கோடி ஆண்டு வயது. ஐந்து நாளுக்குள் மோவாபையும் திணிப்பவர்கள் காரிலேயே ஐந்து நாளையும் கழிக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுத்துவரும் ஆசையைப் பற்றி. கூட்டரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கின் புதைபடிவம் எதையும், நகம் அளவு துண்டாக இருந்தாலும், அனுமதியில்லாமல் எடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்கா அமைப்பின் இடங்களில் சாதாரணக் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. கால்தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பதும் கூடாது. பெயர்க்கும்போது தடம் உடைந்து வரும். எலும்பு எந்த அடுக்கில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. இடம் பெயர்த்த எலும்பு வாய் பேசாது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, போனில் இடக்குறிப்பைச் சேமித்து, ரேஞ்சரிடம் கொடுங்கள்.

ஐந்தாம் நாள் யு.எஸ். 40இல் கிரெய்க், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், 9,426 அடி ராபிட் இயர்ஸ் கணவாய் வழியாக டென்வர். சுமார் 330 மைல், ஓட்டம் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல். வெர்னலில் டேங்க் நிரப்புங்கள், கிரெய்க் வரை பெரிய ஊர் இல்லை. இந்தச் சாலையில் மானும் எல்க் என்ற பெரிய மானும் அந்தி சாயும் நேரத்திலும் விடியலிலும் குறுக்கே வரும். வெளிச்சம் நன்றாக வந்தபின், ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு இருக்கும், உடனே வேகம் எடுக்காதீர்கள். திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கவும் கூடாது, நேர்கோட்டில் பிரேக் அடியுங்கள். கிரெம்லிங்குக்குப் பிறகு நேரே 40இல் போனால் 11,307 அடி பெர்த்தவுட் கணவாய். 9ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கினால் சில்வர்தார்னில் ஐ-70. இரண்டும் கடைசியில் ஐ-70இல்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டென்வர் நோக்கி அந்த நெடுஞ்சாலை நகராது. அதனால் பயணத்தையே புதன்கிழமை தொடங்கி ஞாயிறு முடிப்பதுபோல் வைக்காமல், ஞாயிறு கிளம்பி வியாழன் திரும்புவதுபோல் தேதி போடுங்கள்.